மூன்று புள்ளி

ஐப்பசி மழைக்கு முந்தின வெக்கை.
சம்மாந்துறையில் இன்னும் விதைக்காத வயலில் மேடை.
எங்களுக்கென்று கமுகஞ்சிலாகை அடித்து
ஒரு கூடு கட்டியிருந்தார்கள்.
ஆடு பார்க்க வந்தவர்கள் போல
ஆட்கள் எட்டிப் பார்த்துப் போனார்கள்.

வேட்பாளர் ஹெலியில் வந்தார்.
ஓடு விற்றவர், பிறகு கப்பல் விற்றவர்,
ஒரு பிரதேச சபைக்குக்கூட நின்றதில்லை.
அறுபது வருசக் கட்சி தன் குடைச் சின்னத்தை
அவர் கையில் கொடுத்துவிட்டிருந்தது.
அதைப் பொல்லுப் போல ஆட்டி ஆட்டிப் பேசினார்,
ஒருதரமும் விரிக்கவில்லை.

பேச்சு சிங்களம்.
தமிழில் சொன்னவர் கலந்தர்லெவ்வை மாஸ்டர்.
உர விலைக்குக் கைதட்டு. நெல் விலைக்கு விசில்.
பிறகு குடையின் நுனி எங்கள் பக்கம் திரும்பியது.
ஒரு சொல் சொன்னார்.
அம்பாறை பஸ் நிலையத்தில் கேட்டிருக்கிறேன்,
வீட்டுக்குள் யாரும் கொண்டுவராத சொல்.

மாஸ்டர் எச்சில் விழுங்கினார்.
விழுங்கினது மைக்கில் கேட்டது.
"ஊடக நண்பர்கள் கொஞ்சம் கவனமாக எழுதவேண்டும் என்று
ஐயா அன்பாகக் கேட்டுக்கொள்கிறார்."

குடை நுனிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
சனம் திரும்பியது.
எனக்கு மீன் வெட்டித் தரும் ஆதங்காக்கா திரும்பினார்.
என்னோடு ஏ.எல் எடுத்தவன் திரும்பினான்.
பாதி நிறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று
கமராவின் கண்ணில் வந்து மோதியது.

அன்றிரவு அரிசி ஆலையின் மேல்மாடியில் கிளைக்கூட்டம்.
நான் போகவில்லை.
சத்தம் தெருவுக்கு இறங்கி வந்தது.

"கட்சிக்கு ஒரு அதபு இரிக்கி.
இவன் வந்தான் வரத்தான்" என்று
உதுமாலெவ்வை ஹாஜியார்.
"அதபோட மூணு தரம் தோத்தது காணாதா?
நீங்க ஆட்சில இரிக்கக்குள்ள
அச்சுக்கூடத்துக்குச் சீல் வெச்சது ஆரு?" என்று
வாலிபர் அணி ஜெஸீல்.
"மாஸ்டர் சென்னதச் செல்லல்ல, துரோகம்!"
"செல்லியிருந்தா ஊரே வெக்கப்பட்டிருக்கும்!"
கதிரை ஒன்று சாய்ந்தது.

பத்து மணிக்கு ஹாஜியார் என் வாசலில்.
கட்சியின் அறிக்கைகளை இத்தனை வருசமும்
எழுதிக் கொடுத்தவன் நான்தானே.
"மனே, பத்திரிகைச் சுதந்திரத்துக்கு
நாங்க எப்பவும் காவல். ஒனக்குத் தெரியும்.
மாஸ்டர் சென்னத மட்டும் போடு.
அந்தச் சொல் வேணாம்."

பதினொன்றரைக்கு ஜெஸீல்,
மோட்டார்சைக்கிளை அணைக்காமலே.
"அவர் சென்னத அப்பிடியே போடு.
ஒரு எழுத்தும் கொறையக் கூடா.
சனத்துக்கு அதுதான் புடிச்சிரிக்கி."

எனக்காகப் பரிந்தவர் மறைக்கச் சொன்னார்.
என்னை அடிக்கவிட்டவன் உண்மையைக் கேட்டான்.
விளக்கை அணைத்துவிட்டு
வெகுநேரம் படுக்காமல் இருந்தேன்.

அப்படியே எழுதினேன்.
அவர் சொன்னதையும்
மாஸ்டர் சொன்னதையும்
போத்தலையும்.

கொழும்பிலிருந்து செய்தி ஆசிரியர் எடுத்தார்.
"தம்பி, இந்தச் சொல்லைப் போடேலாது.
குடும்பங்கள் வாசிக்கிற பேப்பர்.
புள்ளி போடுறன்."
போத்தலுக்கு இடம் காணவில்லை என்றார்.

மறுநாள் ஹாஜியார் ஹோட்டலில் உரக்க வாசித்தார்,
புள்ளி வந்த இடத்தில் இருமினார்.
அடுத்த மேசையில் ஜெஸீலின் பொடியன்கள்
அந்த இடத்தைச் சேர்ந்து நிரப்பினார்கள்,
பிளேன்டி சிந்தச் சிரித்து.
மாஸ்டர் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை என்று
பிறகு கேள்விப்பட்டேன்.

பின்னேரம் மீன் கடை.
ஆதங்காக்கா பாரைக்குட்டியைப் பலகையில் வைத்து
என் முகம் பார்க்காமல் கேட்டார்:
"பேப்பர்ல புள்ளி போட்டிரிக்கே மனே,
அதில என்ன சொல்லு?"

"நீங்க அங்கதானே நின்டீங்க."

"கேக்கல்ல" என்றார்.
செதிள் என் சேட்டில் தெறித்தது.